மோட்டார் வண்டியில் நாய்க்கு ஓர் இடம்



பாண்டவர்களின் இறுதிப் பயணக் கதையை நீங்கள் அறிவீர்கள். உடன்பிறந்தாரும் மனையாளும் ஒருவர்பின் ஒருவராய் வழியில் வீழ்ந்துவிட, தருமனோடு எஞ்சி நடந்தது ஒரு நாய் மட்டுமே. தேவேந்திரன் தேரோடு வந்து, நாய்க்கு இதில் இடமில்லை என்று கூறியபோது, அதைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கமும் தனக்கு வேண்டாமென்று தருமன் மறுத்துவிட்டான். தேரில் நாய்க்கு இடம் உண்டா என்ற வழக்கு அன்றே தீர்ந்தது. ஆனால் அந்த இடம் எது, அதில் நாயை எவ்வாறு இருத்துவது என்னும் கேள்வியைத் தருமன் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய அவசியமும் அவனுக்கு இருக்கவில்லை; விண்ணிலே செல்லும் தேருக்கு முன்னால் மாடு குறுக்கிடுவதில்லை. எங்கள் வீதிகளிலே குறுக்கிடுகிறது.

அப்படி ஒரு மாடு குறுக்கிட்ட நாளிலிருந்துதான் இப்பொருளைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் குடும்பத்தோடு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வீதி வழியே சென்றுகொண்டிருந்தேன். எங்கள் நாயின் பெயர் வீமன். பெயருக்கேற்ற உடம்பு அதற்கில்லை. 18 கிலோகிராம் எடையுள்ள நாட்டு நாய். பின்னாசனத்தின் ஒரு பாதியை மடித்துவிட்டு, மடக்கி விரிக்கக்கூடிய கம்பிக் கூடொன்றில் அதை வைத்திருந்தோம். மற்றப் பாதியில் என் மகள் இருந்தாள். கூட்டை விற்ற கடைக்காரர் கம்பியின் தடிப்பைத் தட்டிக்காட்டி, இதைவிடப் பாதுகாப்பானது வேறில்லை என்று சொல்லியிருந்தார். அதை வண்டியோடு சேர்த்துக் கட்டவேண்டும் என்று அவரும் கூறவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கிவிட்டு வண்டியேறி ஐந்து நிமிடமும் ஆகியிராது. பற்றைக்குள்ளிருந்து ஒரு கன்று பாய்ந்தது; அதன்பின் தாய்ப்பசு. பிறேக்கை அழுத்தி வண்டியை ஒடித்தேன். வண்டி வீதியோரத்து வாய்க்காலில் இறங்கி, மண்மேட்டில் முட்டி நின்றது. வண்டிக்கு ஒரு விளக்கு மாத்திரமே உடைந்தது. ஆனால் கூடு முன்னோக்கிப் பாய்ந்து என் மனைவியின் ஆசன முதுகில் அடித்தது; மூலைக் கொளுவிகள் கழன்று, கம்பித் தட்டுகள் சீட்டுக்கட்டுப்போலச் சரிந்தன. அவற்றுள் ஒன்றின் விளிம்பு மகளின் முழங்கையைக் கிழித்தது. கதவைத் திறந்ததுதான் தாமதம், வீமன் மூன்று காலில் காட்டுக்குள் ஓடிவிட்டது. இரண்டு மணித்தியாலம் தேடியே கண்டுபிடித்தோம். முன்கால் எலும்பு முறிந்திருந்தது. கிளிநொச்சியில் ஒரே நாளில் இரண்டு வைத்தியர்களைப் பார்க்கவேண்டியதாயிற்று. மகளுக்கு ஒருவர், நாய்க்கு ஒருவர்.

கூடு இல்லாமையால் நேர்ந்த துன்பமன்று இது. கூடு இருந்தும் நேர்ந்தது. ஆகவே நாய்க் கூடும் கம்பித் தடுப்பும் எப்படிப்பட்டவையாக இருத்தல் வேண்டும், எங்கே வைக்கப்படல் வேண்டும் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஓடும் வண்டியிலுள்ள யாவும் வண்டியின் வேகத்திலேயே ஓடுகின்றன. வண்டி சடுதியாக நின்றாலும் உள்ளே இருப்பவை நிற்பதில்லை; எதுவாவது பிடித்து நிறுத்தும்வரை பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்கின்றன. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு சுவரில் மோதுமாயின், அதனுள்ளே கட்டப்படாதிருக்கும் நாய், ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடமொன்றின் கூரையிலிருந்து விழுந்தால் எந்த வேகத்தில் நிலத்தை அடையுமோ, அந்த வேகத்தில் எதிரே உள்ளதன்மீது மோதும். வேகம் இரட்டித்தால் இவ்வுயரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையிலே செல்லக்கூடிய 100 கிலோமீற்றர் வேகத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 40 மீற்றர் வருகிறது. நெடிய தென்னைகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள்.

இன்னொரு வகையாகவும் இதைக் கணிக்கலாம். அதே 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதிய வண்டியின் முன்புறம் நசுங்கி, 60 சென்டிமீற்றர் தூரத்துக்குள் வண்டி நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்திலே, 18 கிலோ எடையுள்ள வீமனைப் பிடித்து நிறுத்தும் எதுவும் சராசரியாக 300 கிலோகிராம் அளவான பாரத்தைத் தாங்கவேண்டும். உச்சக் கணத்தில் அது இன்னும் கூடும். கூட்டின் எடையையும் சேர்த்தால் அதற்கும் மேல். நாயை மடியில் வைத்திருந்து, ஆபத்து வந்தால் இறுகப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்பவர்கள் முந்நூறு கிலோவைத் தூக்கிப் பழகியவர்களாக இருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை.

மனிதருக்கு இவ்வுண்மை உணர்த்தப்பட்டு நெடுங்காலமாகிறது. சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் என்பவர், இன்று நாம் அணியும் மூன்றுமுனை ஆசனப்பட்டியை 1959இல் உருவாக்கினார். எமது நாட்டிலே முன்னாசனத்தில் இருப்போர் அதை அணிதல் 2011இல் கட்டாயமாக்கப்பட்டது. நாய்களைப் பொறுத்தவரையில், பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவையின் 57ஆம் விதி, சாரதியின் கவனத்தைக் குலைக்காதவாறும், வண்டி சடுதியாக நிற்கும்போது தமக்கோ பிறருக்கோ காயம் விளைவிக்காதவாறும் விலங்குகளைத் தகுந்த முறையில் கட்டுப்படுத்தி வைக்கவேண்டும் என்று கூறி, அதற்குரிய வழிகளாக உடற்பட்டி, காவு பெட்டி, கூடு, தடுப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. ஜேர்மனியிலோ வண்டியில் ஏறிய விலங்கு, சட்டத்தின் கண்ணிலே, ஏற்றப்பட்ட சுமைக்கு ஒப்பானது. சுமையை நகராமல் வைத்தல் சாரதியின் கடமை. நாயிடம் அன்புள்ளவர்களுக்குச் சுமை என்ற சொல் கசக்கலாம். எனக்கும் முதலில் கசந்தது. ஆனால் ஒரு மூட்டை சீமெந்தைக் கட்டும் கவனத்தோடு நாயின் கூட்டைக் கட்டியிருந்தேனாயின் வீமனின் கால் முறிந்திராது.

முதலில் கம்பித் தடுப்பை எடுத்துக்கொள்வோம். பின்னாசனத்துக்குப் பின்னால் திறந்த பொருட்பகுதியுள்ள வண்டிகளில், ஆசன முதுகின் மேல்விளிம்பிலிருந்து கூரைவரை உள்ள இடைவெளியை அடைக்கும் கிராதியே இது. இதன் பணி நாய் முன்னே வராமல் தடுப்பது. அப்பணியை அது செவ்வனே செய்தால் காப்பாற்றப்படுபவர்கள் முன்னே இருக்கும் மனிதர்கள். நாயோ தடுப்பின்மீது மோதத்தான் செய்யும். இதை மறந்துவிட்டுத் தடுப்பை வாங்குவோர் பலர். தடுப்பு என்பது மனிதருக்கான காவல். அதன் பின்னால் கூடும் இருந்தாலே நாய்க்கும் காவலாகும்.

தடுப்புகள் இரு வகைப்படும். ஒன்று, எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது. குழாய்களை நீட்டித் திருகி, கூரைக்கும் தரைக்கும் இடையே இறுக்கி நிறுத்துவது. குலுங்கும் பாதையில் நாளடைவில் இது தளரும். கூரையின் மெல்லிய உள்விரிப்பை நம்பி நிற்கும் ஒன்று முந்நூறு கிலோவைத் தாங்குமென்று எதிர்பார்ப்பது பேராசை. மற்றது, குறித்த ஒரு வண்டி வகைக்கென அளவெடுத்துச் செய்யப்பட்டு, அவ்வண்டியின் உலோக உடலிலுள்ள திருகுப் புள்ளிகளிலே பூட்டப்படுவது. இரண்டாவதையே தேடுங்கள். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகளுள் 126ஆம் இலக்கமானது, இவ்வாறு பின்னர் வாங்கிப் பூட்டும் தடுப்புகளுக்கென்றே வகுக்கப்பட்டதாகும். வாங்கும் தடுப்பு அவ்விதியின்படி சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அதுவும் ஒரு விடைதான்.

அதே ஒழுங்குவிதிகளுள் 17ஆவது, பின்னாசனத்தின் முதுகு எவ்வளவு வலிமையுடையதாக இருத்தல் வேண்டும் என்பதைச் சோதிப்பது. பொருட்பகுதியிலே இரண்டு கட்டைகளை வைத்து, ஏறக்குறைய 50 கிலோமீற்றர் வேகத்து மோதலைச் செயற்கையாக உண்டாக்கி, ஆசன முதுகு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கட்டையின் எடையும் 18 கிலோகிராம். இதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். சரியாக ஒரு வீமன். அப்படியானால் 35 அல்லது 40 கிலோ எடையுள்ள ஜேர்மன் செப்பேட் நாயொன்று தன் கூட்டோடு சேர்ந்து வந்து மோதும்போது, ஒற்றை ஆசன முதுகை மாத்திரம் நம்பியிருப்பது எவ்வளவு பொருத்தமானது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இனிக் கூட்டைப் பற்றிக் கூறுகிறேன். துணியும் மெல்லிய சட்டமும் கொண்டவை, கம்பியாலானவை, பிளாஸ்டிக் ஓடு கொண்டவை, அலுமினியத்தாலோ உருக்காலோ ஆனவை எனக் கடைகளிற் பலவகை உண்டு. மடக்கும் கம்பிக் கூடு வீட்டிலே நாயைப் பழக்குவதற்கு நல்லது, வண்டிக்காகச் செய்யப்பட்டதன்று. மேலோடும் கீழோடும் சிறு கொளுவிகளால் இணைக்கப்பட்ட பிளாஸ்டிக் பெட்டியில் பலவீனம் ஓட்டிலன்று, அந்தக் கொளுவிகளிலும் கதவிலுமே இருக்கிறது. ஒரு கூட்டைப் பார்க்கும்போது கம்பியின் தடிப்பைப் பார்க்கவேண்டாம். மூலைகளைப் பாருங்கள், கதவின் பிணைச்சலையும் பூட்டையும் பாருங்கள். உடையும்போது அவையே முதலில் உடைகின்றன. உள்ளே கூரான விளிம்புகள் உண்டா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

அமெரிக்காவில் 2011இல் தொடங்கப்பட்ட செல்லப்பிராணிப் பாதுகாப்பு மையம் என்னும் நிறுவனம், நாயின் எடையும் உருவமும் கொண்ட பொம்மைகளைச் செய்து, குழந்தைகளின் ஆசனங்களைச் சோதிக்கும் முறையைத் தழுவி, ஏறக்குறைய 48 கிலோமீற்றர் வேகத்து மோதற் சோதனைகளை நடத்தியது. 2013இல் சுபாரு மோட்டார் நிறுவனத்தின் துணையோடு உடற்பட்டிகளையும், 2015இல் கூடுகளையும் காவு பெட்டிகளையும் அது ஆராய்ந்தது. சோதிக்கப்பட்டவை என்று விளம்பரம் செய்யப்பட்ட பல பொருள்கள் அங்கே அறுந்தன, பிளந்தன. ஏனெனில் அந்நாட்டிலே நாய்க்கான இத்தகைய பொருள்களுக்குக் கட்டாயத் தர விதி எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே பெட்டியின்மேல் “சோதிக்கப்பட்டது” என்ற சொல் இருந்தால், யார் சோதித்தார், எந்த வேகத்தில், எவ்வளவு எடையை உள்ளே வைத்து என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். விடை இல்லாத இடத்தில் அச்சொல்லுக்கும் பொருளில்லை.

அளவிலே ஒரு சிக்கல் உண்டு. கூடு விசாலமாக இருந்தால் நாய்க்கு நல்லதென்று அன்பு சொல்கிறது. மோதலின் கணக்கோ வேறுவிதமாகச் சொல்கிறது: கூட்டினுள் வெற்றிடம் கூடக்கூட, சுவரில் மோதுமுன் நாய் பறக்கும் தூரமும் கூடுகிறது. இரண்டுக்கும் இடையே நிற்கும் அளவு இதுதான்: நாய் நிற்கவும், திரும்பவும், இயல்பாகக் கால்மடித்துப் படுக்கவும் போதுமான இடம், அதற்குமேல் வேண்டியதில்லை. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை நீளத்தையும், இருக்கும் நிலையில் தலை உயரத்தையும் நாடாவால் அளந்துகொண்டே கடைக்குப் போகவேண்டும். வண்டியின் பொருட்பகுதியையும் அளக்கவேண்டும். பின்கதவு சரிந்து மூடுவதால் மேலே அகலம் குறைவு என்பதைப் பலர் கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே காண்கிறார்கள்.

இதைவிட முக்கியமானது கூட்டை வைக்கும் இடமும் கட்டும் முறையும். பொருட்பகுதியிலே வைப்பதாயின், பின்னாசன முதுகோடு இடைவெளியின்றி ஒட்டி, இயன்றால் வண்டிக்குக் குறுக்காக வைத்தல் வேண்டும். இடைவெளி இருக்குமாயின் கூடு அந்தத் தூரம் ஓடிவந்து அடிக்கும். பின், வண்டியின் தரையிலுள்ள உலோக வளையங்களில் நெய்த நைலோன் பட்டிகளைக் கொளுவி, கூட்டின் அடிச்சட்டத்தோடு இறுக்கவேண்டும். சைக்கிளின் பின்னே பொதி கட்டும் இறப்பர்க் கயிறு இதற்கு உதவாது. இழுபட்டு நீளும் எதுவும் உதவாது. பட்டி தாங்கும் பாரம் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். முன்னர் சொன்ன கணக்கை நினைவிற் கொண்டு அதைப் படியுங்கள். கூட்டின் கைபிடியிலே கட்டுதல் கூடாது. கைபிடி வெறுங்கூட்டைத் தூக்குவதற்காக வைக்கப்பட்டது.

முன்னாலிருந்து வரும் மோதலை மாத்திரம் எண்ணினாலும் போதாது. பின்னாலிருந்து ஒரு லொறி இடிக்குமாயின், வண்டியின் பின்புறம் நசுங்கவேண்டும்; நசுங்குவதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே சற்றும் வளையாத இரும்புப் பெட்டி இருந்தால், அது அப்படியே முன்னே தள்ளப்பட்டுப் பின்னாசனத்திலுள்ள பிள்ளைகளின் முதுகை நெருக்கும். சுவீடனிற் செய்யப்படும் வாரியோகேஜ் என்னும் கூடு இதை மனதிற்கொண்டு அமைக்கப்பட்டது: ஒரு பாகம் மற்றொரு பாகத்துக்குள்ளே சறுக்கிக் குறுகக்கூடியது. முன்மோதல், பின்மோதல், உயரத்திலிருந்து விழுத்துதல் ஆகிய சோதனைகள் அதற்குச் செய்யப்பட்டன. பின்கதவு நெளிந்து திறக்க முடியாமற் போனால் நாயை வெளியே எடுப்பதற்கு ஆசனப் பக்கமாக ஓர் அவசரக் கதவும் அதில் உண்டு. விலை அதிகம்; எல்லோராலும் வாங்க இயலாது. ஆனால் எந்தக் கூட்டை வாங்கினாலும் இந்த இரண்டாவது கதவு இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

எமது வீதிகளில் ஓடுபவற்றுட் பெரும்பாலானவை சிறிய கார்கள். அவற்றில் இவ்வளவு பெரிய கூட்டுக்கு இடமேது என்று நீங்கள் கேட்கலாம். சிறு நாயாயின், உறுதியான சிறு பெட்டியிலே விட்டு, முன்னாசனத்துக்குப் பின்னாலுள்ள கால்வைக்கும் பள்ளத்தில் இறுக்கி வைப்பது நல்ல முறை. முன்னே ஆசனம், பின்னே ஆசனம், கீழே தரை, ஓடுவதற்கு வழியில்லை. முச்சக்கர வண்டியிலும் இதையே செய்யலாம். ஆசனத்தின்மேல் வைப்பதைவிடச் சாரதியின் முதுகுப்புறத் தட்டோடு சேர்த்துத் தரையில் வைப்பது மேல். நடுத்தர நாயாயின் பின்னாசனத்தில், நெஞ்சை அகலமாகத் தழுவும் உடற்பட்டியை அணிவித்து, மிகக் குறுகிய இணைப்பினாலே ஆசனப்பட்டியோடு பூட்டவேண்டும். கழுத்துப்பட்டியிற் பூட்டினால் பாரமெல்லாம் கழுத்தெலும்பில் விழும். நீண்ட கயிறு, கட்டாதிருப்பதற்குச் சமம்.

முன்னாசனம் கூடவே கூடாது. காற்றுப்பை இமைப்பொழுதுக்குள் வெடித்து விரிவது. வளர்ந்த மனிதரின் நெஞ்சை அளவாகக் கொண்டு அமைக்கப்பட்டது. மூடிய டிக்கியிலே நாயை அடைத்துச் செல்வதைப் பற்றி நான் பேசவும் விரும்பவில்லை. கெப் வண்டியின் திறந்த பின்புறத்தில் கழுத்திலே கயிறு கட்டி ஏற்றுவோரும் இருக்கிறார்கள். விளிம்பால் பாயும் நாய் அக்கயிற்றிலேயே தொங்கிவிடும்.

மோதலே நேராத பயணத்திலும் ஓர் அபாயம் உண்டு. எங்கள் நாட்டில் அதுவே அடிக்கடி நேர்வது. நாய்க்கு வியர்வை மிகச் சொற்பம். இளைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. வண்டியின் குளிர்காற்று பொருட்பகுதிவரை எட்டுவது அரிது. ஆதலால் கூட்டுக்கு நாற்புறமும் காற்றுவழி வேண்டும். பயணப் பைகளை அதன்மேலும் பக்கத்திலும் அடுக்கி அவ்வழியை அடைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 22 பாகை செல்சியசு உயர்ந்தது. அதிற் பெரும்பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே ஏறியது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. தேநீர் அருந்தப் போவோர் நாயையும் இறக்கிக்கொண்டே போகவேண்டும். பக் முதலிய தட்டை மூக்கு நாய்களுக்கு இவ்விடயத்தில் தவணையே கிடையாது.

வீமனின் கால் பொருந்திவிட்டது. மழைநாட்களில் மாத்திரம் சற்றே சாய்த்து நடக்கும். புதிய கூடு வாங்கியபோது அதைக் கண்டதும் கட்டிலின்கீழ் ஒளித்துக்கொண்டது. குற்றம் அதனுடையதன்று. கூட்டை முதலில் விறாந்தையில் கதவு திறந்தபடி வைத்தோம். சோற்றுக் கோப்பையை அதனுள்ளே வைத்தோம். நாலாம் நாள் தலையை மட்டும் நீட்டிச் சாப்பிட்டது; இரண்டாம் வாரம் மதிய நித்திரைக்கு அதையே தேடிப் போனது. பின்னர் வண்டியிலே ஏற்றி, எங்கும் போகாமல் முற்றத்தில் நிறுத்தி வைத்தோம். அதற்குப் பிறகு சந்திவரை ஓட்டம். ஒரு மாதம் கழிந்தே நெடும்பயணம்.

இப்போது முறிகண்டியில் வண்டியை நிறுத்தினால், பின்கதவை யாரும் உடனே திறப்பதில்லை. இயந்திரத்தை நிறுத்தி, வீதியின் இருபுறமும் பார்த்தபின், மகள் கூட்டின் கதவைக் கையளவு திறந்து, உள்ளே கையை விட்டுக் கயிற்றைக் கொளுவுகிறாள். கொளுவிய சத்தம் கேட்ட பிறகே வீமன் எழும்புகிறது. இறங்கியதும் அது இழுத்துக்கொண்டு போவது கோயிலடிக்கு அன்று, கச்சான் விற்கும் கடைகளின் பக்கம்.